லீவுல எனக்கு என்ன படிக்கலாம்? பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். கடைசித் தேர்வு நடக்கிற வாரத்தில் ஆசிரியர்கள் ஒவ்வொருவராக வந்து அலமாரி முன்னால் நிற்பார்கள். பிள்ளையைக் கூட்டிப்போக வந்த பெற்றோரும் எட்டிப் பார்ப்பார்கள். “லீவுக்கு நல்ல புத்தகம் ஏதாவது சொல்லுங்களேன்” என்பார்கள். பிள்ளைக்கா என்று கேட்டால் பாதிப் பேர் கொஞ்சம் தயங்குவார்கள். அப்புறம் குரலைத் தாழ்த்தி, “இல்லை, எனக்குத்தான்” என்பார்கள்.

அந்த “எனக்குத்தான்” என்பவர்களுக்காக இதைத் தொகுத்திருக்கிறேன். புத்தகப் பட்டியல் எதுவும் இதில் இல்லை. என் பட்டியல் உங்களுக்கு ஒத்துவராது. உங்களுக்கானதை நீங்களே கண்டுபிடிக்கும் வழிகள்தான் இருக்கின்றன. கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன்.

லீவுல படிக்கிற புத்தகம்னு தனியா ஏதாவது இருக்கா? எந்தப் புத்தகமா இருந்தா என்ன?

தனி வகை எதுவும் இல்லை. மற்ற மாதங்களில் நாம் படிப்பதெல்லாம் ஏதோ ஒரு வேலைக்காக இருக்கும். பாடக்குறிப்பு எழுத, பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க, கூட்டத்தில் பேச. கோடையில் படிப்பதற்கு “படிக்க நல்லா இருக்கு” என்ற காரணம் மட்டும் போதும். ஒருவருக்கு அது 600 பக்க வரலாறாக இருக்கலாம். இன்னொருவருக்குப் பேய்க்கதை. இரண்டுமே கோடைப் புத்தகம்தான்.

வருஷம் பூரா புத்தகமும் நோட்டுமாத்தான் கிடக்கேன். லீவுலயாவது விட்டுடக் கூடாதா?

தாராளமாக விடலாம். பிரெஞ்சு எழுத்தாளர் டானியல் பென்னாக் பல வருடங்கள் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1992இல் வாசகருக்கான 10 உரிமைகளை எழுதினார். அதில் முதல் உரிமையே படிக்காமல் இருக்கும் உரிமை. ஓர் ஆசிரியர் இதை முதலில் வைத்தது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

முதல் வாரம் எதையும் தொடாதீர்கள். தூங்குங்கள். ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் கண்ணில் படுகிற இடத்தில் வைத்துவிடுங்கள். கை தானாகப் போனால் போகட்டும், போகாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது.

எனக்கு என்ன மாதிரி புத்தகம் பிடிக்கும்னே மறந்துபோச்சு. எங்கிருந்து தொடங்குறது?

என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இதுதான். பிள்ளைகளுக்கு எது பிடிக்கும் என்று 15 வருடமாக யோசித்துக்கொண்டே இருந்தவர்களுக்குத் தன் ருசி மறந்துபோவதில் ஆச்சரியம் இல்லை. நான் திருப்பி ஒன்று கேட்பேன். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து போகாமல் கடைசியாக எந்தப் புத்தகத்தைப் படித்தீர்கள்? அது பள்ளிக்கூட நாளாக இருந்தாலும் சரி. அந்தப் புத்தகத்தில் எது உங்களை உட்கார வைத்தது?

இந்த இரண்டாவது கேள்வியில்தான் விஷயம் இருக்கிறது. அறிவியல் எடுக்கும் ஒரு டீச்சர், சின்ன வயதில் கடல் சாகசக் கதை ஒன்று பிடித்தது என்றார். நானும் கடல் கதைகளாக நான்கு எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் புரட்டிவிட்டுக் கீழே வைத்தார். “கடல் இல்லைங்க. கப்பலில் என்ன மிச்சம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டே இருப்பார்கள். இத்தனை பீப்பாய் தண்ணீர், இத்தனை மூட்டை மாவு, இன்னும் இத்தனை நாள். அதுதான் பிடித்தது” என்றார். அப்போது எனக்குப் பிடிபட்டது. துருவப் பயணம் போனவர்கள் எழுதிய அனுபவக் குறிப்பு ஒன்றைக் கொடுத்தேன். 4 நாளில் திரும்ப வந்து, “இதே மாதிரி இன்னொன்று” என்று நின்றார்.

பழைய புத்தகம் எதுவும் நினைவுக்கு வரவில்லையா? செய்தித்தாளில் எந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கிறீர்கள் என்று பாருங்கள். வழக்குச் செய்தியா, விளையாட்டா, விண்வெளியா, பழைய கட்டடங்களா? அங்கிருந்து ஒரு நூல் பிடித்துப் போகலாம். நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட 5 விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய புத்தகம் என்பது. அவரும் நூலகராவதற்கு முன்பு கணித ஆசிரியர்தான்.

கையில எடுத்துப் பார்க்கும்போதே இது எனக்கு ஒத்துவருமான்னு சொல்ல முடியுமா?

முக்கால்வாசி சொல்லிவிடலாம். பின்னட்டையை நம்பாதீர்கள். அது விற்பதற்காக எழுதியது. முதல் பக்கத்தையும் முழுசாக நம்ப வேண்டாம். எழுதியவர் அதிகம் இழைத்துச் செதுக்கிய பக்கம் அதுதான். புத்தகத்தின் மூன்றில் ஒரு பங்கு தாண்டி எங்காவது திறந்து, நின்றபடியே ஒரு பக்கம் படியுங்கள். கதை புரியாது, பரவாயில்லை. அந்தக் குரலோடு 200 பக்கம் கூட உட்கார முடியுமா என்பதுதான் கேள்வி. யோசிக்காமலே அடுத்த பக்கத்தைத் திருப்பியிருந்தால் வீட்டுக்கு எடுத்துப்போகலாம்.

மொழிபெயர்ப்பு என்றால் உரையாடல் வருகிற பக்கமாகப் பார்த்து முணுமுணுத்துப் படியுங்கள். பாத்திரங்கள் சுற்றறிக்கை மாதிரி பேசினால் வைத்துவிடுங்கள். மூலம் எவ்வளவு பெரிய புத்தகமாக இருந்தாலும் உங்கள் கையில் இருப்பது இந்தத் தமிழ்தான். அப்புறம் எழுத்தின் அளவு, எடை. படுத்துக்கொண்டு படிக்கிறவர் என்றால் ஒற்றைக் கையில் 2 நிமிடம் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கை வலித்தால் அந்தப் புத்தகத்தை நீங்கள் முடிக்கப்போவதில்லை.

பாதியில விட்டா மனசு கேக்க மாட்டேங்குது. பிள்ளைங்களுக்கு மட்டும் “எடுத்ததை முடி”ன்னு சொல்றோமே?

பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தை முடிக்கச் சொல்கிறோம், அது வேறு. பென்னாக்கின் பட்டியலில் முடிக்காமல் விடும் உரிமையும் உண்டு, பக்கங்களைத் தாண்டிப்போகும் உரிமையும் உண்டு.

எவ்வளவு தூரம் படித்துவிட்டு விடலாம் என்பதற்கு அமெரிக்க நூலகர் நான்சி பேர்ல் சொன்ன கணக்கு ஒன்று இருக்கிறது. 50 வயது வரை உள்ளவர்கள் 50 பக்கம் படித்துப் பார்க்கலாம். அதற்கு மேற்பட்டவர்கள் 100இலிருந்து வயதைக் கழித்துக்கொள்ளலாம். வயது 58 என்றால் 42 பக்கம் போதும். வயது ஏற ஏறப் பொறுத்துக்கொள்ள வேண்டிய பக்கம் குறைகிறது. எனக்கு இது நியாயமாகப் படுகிறது.

ஒரு விதிவிலக்கு சொல்கிறேன். முதல் அத்தியாயத்திலேயே 12 பேர் வந்து, யார் யாருக்கு என்ன உறவு என்று குழம்புவதால் மட்டும் கீழே வைக்காதீர்கள். ஒரு துண்டுத்தாளில் குடும்ப மரம் வரைந்து புத்தகத்துக்குள் செருகிக்கொண்டு இன்னொரு முறை தொடங்குங்கள். பெரிய குடும்ப நாவல்கள் பல இந்தத் துண்டுத்தாளால் பிழைத்திருக்கின்றன.

எத்தனை புத்தகம் எடுத்துட்டுப் போறது? போன வருஷம் எட்டு எடுத்துப் போய் ஒண்ணுகூட முடிக்கலை.

10 நிமிடம் படித்து எத்தனை பக்கம் ஆகிறது என்று பாருங்கள். பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், தினம் 20 நிமிடத்தில் 13 பக்கம் வரும். ஒரு மாதத்துக்கு 400 பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதாவது நடுத்தரமான புத்தகம் இரண்டு. எட்டுப் புத்தகம் எடுத்துப்போனது உங்கள் சோம்பலைக் காட்டவில்லை, கணக்குத்தான் இடித்திருக்கிறது.

நான் 3 கொடுப்பேன். நிச்சயம் பிடிக்கும் என்று தெரிந்தது ஒன்று, இதுவரை தொட்டே பார்க்காத வகையில் ஒன்று, ஒரே உட்காரலில் முடிகிற மெல்லிய புத்தகம் ஒன்று. மெல்லியதிலிருந்து தொடங்குங்கள். ஒன்றை முடித்துவிட்டால் அடுத்ததை எடுக்கத் தெம்பு வரும்.

பிள்ளைங்க வீட்டுல இருந்தா அஞ்சு நிமிஷம் சேர்ந்தாப்ல கிடைக்காது. இதுல எங்க படிக்கிறது?

நீளமான அத்தியாயங்கள் உள்ள நாவல் இந்தச் சூழ்நிலைக்கு ஆகாது. எங்கே விட்டோம் என்று தேடுவதற்கே நேரம் போய்விடும். சிறுகதைத் தொகுப்பு, கடிதங்கள், நாட்குறிப்பு, 2 பக்கக் கட்டுரைகள், நகைச்சுவைத் துணுக்குகள், கவிதை என்று துண்டு துண்டாக நிற்கிறவற்றை எடுங்கள். நாவல்தான் வேண்டும் என்றால் 4, 5 பக்கத்துக்கு ஓர் அத்தியாயம் முடிகிற மாதிரிப் பார்த்து எடுங்கள்.

அத்தியாய முடிவில் மட்டும்தான் மூட வேண்டும் என்ற பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். விறுவிறுப்பான இடத்தில் பாதி வாக்கியத்தில் மூடினால் திரும்ப எடுக்க ஆசை இருக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் எனக்குத் தெரிந்து அதிகம் உதவிய யோசனை இதுதான்.

பிள்ளை வளர்ப்பு, கற்பித்தல் பத்தின புத்தகம் படிச்சா லீவு உபயோகமாப் போகுமே?

“உபயோகமாப் போகுமே” என்ற சொல்லைத்தான் கவனிக்கச் சொல்வேன். முதல் கேள்விக்குச் சொன்ன பதிலைத் திரும்பப் பாருங்கள். அந்த வகைப் புத்தகம் சிலருக்கு உண்மையிலேயே சந்தோஷம் தரும். அவர்கள் படிக்கட்டும். ஆனால் பலர் அதை எடுப்பது, கதைப் புத்தகம் எடுக்கக் கூச்சப்பட்டுத்தான். பிள்ளையோடு சண்டை போட்ட ராத்திரியில் நல்ல பெற்றோராவது எப்படி என்று படித்தால், வரிக்கு வரி நம்மைக் குற்றம் சொல்வது போல இருக்கும். அதற்குப் பெயர் ஓய்வு இல்லை.

ஓர் அம்மா இப்படி ஒரு புத்தகத்தை நெஞ்சோடு அணைத்தபடி பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தார். மேஜை ஓரத்தில் யாரோ திருப்பித் தந்த மெல்லிய துப்பறியும் நாவல் கிடந்தது. நான் தேதி முத்திரை தேடிக்கொண்டிருந்த நேரத்தில் சும்மா திறந்தார். தோளில் பை, ஒரு கையில் பிள்ளையின் தண்ணீர் பாட்டில். அப்படியே நின்றபடி 11 பக்கம் படித்துவிட்டார். பையன் வந்து சேலையை இழுத்த பிறகுதான் நிமிர்ந்தார். “இரண்டையும் எடுத்துக்கொள்ளலாமா?” என்றார். இதை மட்டும் எடுத்துப்போங்கள் என்று நாவலைப் பதிந்து கொடுத்தேன். அன்றைக்கு அவருக்கு வேண்டியது அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

பிள்ளைகளைப் பற்றியே படிக்க ஆசையாக இருந்தால் வழி சொல்கிற புத்தகங்களை விட்டுவிட்டு, யாராவது தன் குழந்தைப் பருவத்தை எழுதியதை எடுங்கள். ஒரு பிள்ளையின் கண்ணுக்குப் பெரியவர்கள் எப்படித் தெரிகிறார்கள் என்பது அதில் இருக்கும். அறிவுரை ஒரு வரிகூட இருக்காது.

துப்பறியும் கதை, காதல் கதைன்னு ஒரு டீச்சர் படிச்சா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?

என்ன நினைத்தால் என்ன? துப்பறியும் கதையில் நல்லதும் உண்டு, மோசமும் உண்டு. இலக்கியம் என்று சொல்லப்படுவதிலும் அப்படித்தான். வகையை வைத்துப் புத்தகத்தை எடைபோடாதீர்கள். அந்தப் பக்கத்தில் உள்ள வாக்கியங்களை வைத்துப் போடுங்கள்.

கூச்சம் அப்படியும் போகவில்லை என்றால் அட்டை போட்டுக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் நோட்டுக்கு எத்தனை அட்டை போட்டிருப்பீர்கள்!

பொண்ணுக்கு எடுத்துட்டுப் போன புத்தகத்தை நானே படிச்சு முடிச்சிட்டேன். இது சரியா?

ரொம்பச் சரி. நல்ல சிறார் நூலில் ஒரு சொல்கூட வீணாக இருக்காது. போரடித்தால் அடுத்த நிமிடம் ஓடிவிடுகிற வாசகருக்காக எழுதியது அது. களைத்துப்போன பெரியவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான வாசிப்பு குறைவு.

ஒன்று மட்டும். மகளுக்கு முன்னாலேயே கதையைச் சொல்லிவிடாதீர்கள். அவள் படித்து முடித்ததும் “உனக்கு எந்த இடம்?” என்று கேட்டுவிட்டு, உங்களுக்குப் பிடித்த இடத்தையும் சொல்லுங்கள். “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?” என்ற கேள்வி மட்டும் வேண்டவே வேண்டாம்.

முடிவு தெரிஞ்சுபோன கதையைப் படிக்கலாமா? ஏற்கெனவே படிச்சதையே திரும்பப் படிக்கிறது நேர விரயம் இல்லையா?

அமெரிக்காவில் லெவிட், கிறிஸ்டன்ஃபெல்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011இல் 12 சிறுகதைகளை வைத்துச் சோதித்தார்கள். முடிவை முன்கூட்டியே தெரிந்துகொண்டு படித்தவர்கள், மொத்தத்தில் பார்த்தால், கதையைக் கூடுதலாகவே ரசித்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே முடிவைச் சொல்லவில்லை. ஆனாலும் முடிவு தெரிந்தால் எல்லாம் போச்சு என்று பயப்பட வேண்டியதில்லை.

திரும்பப் படிப்பதை நான் களைப்புக்கு மருந்தாகவே சொல்வேன். புதுப் பெயர்கள், புது ஊர் என்று எதையும் மனதில் ஏற்ற வேண்டாம். 20 வயதில் படித்த நாவலை 45இல் எடுத்தால், அன்றைக்குக் கவனிக்காமல் தாண்டிப்போன அந்த அப்பா பாத்திரம் திடீரென்று பேசத் தொடங்கும்.

ஒலிப்புத்தகம் கேட்டா படிச்ச கணக்குல வருமா? போன்ல படிச்சா?

வரும். 2016இல் வெளியான ஓர் ஆய்வில் ஒரே புத்தகத்தின் பகுதிகளைச் சிலர் காதால் கேட்டார்கள், சிலர் திரையில் படித்தார்கள், சிலர் இரண்டையும் சேர்த்துச் செய்தார்கள். எவ்வளவு புரிந்தது என்று உடனேயும் 2 வாரம் கழித்தும் பார்த்தபோது குறிப்பிடும்படியான வித்தியாசம் இல்லை. நாள் முழுக்கக் கண்ணுக்கு வேலை கொடுத்தவர்கள் துணி மடித்துக்கொண்டே கேட்கலாம். எடுக்கும் முன் 5 நிமிட மாதிரியைக் கேளுங்கள். வாசிப்பவர் குரல் பிடிக்காவிட்டால் புத்தகமும் பிடிக்காது.

திரையைப் பொறுத்தவரை, 54 ஆய்வுகளைத் திரட்டி 2018இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. தகவல் சார்ந்தவற்றைப் படிக்கும்போது அச்சுப் புத்தகத்தில் புரிதல் கொஞ்சம் கூடுதல். கதையில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே நாவலைத் திரையில் படிக்கலாம், அறிவியலும் வரலாறும் தாளில் இருந்தால் நல்லது. தூங்கப் போகும் நேரத்தில் மட்டும் வெளிச்சம் உமிழும் திரை வேண்டாம். அது தூக்கம் வருவதைத் தள்ளிப்போடும் என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது.

நான் படிக்கிறதைப் பார்த்தா பையனும் படிப்பானா? ஒரு புத்தகத்துக்கு இவ்வளவுன்னு பரிசு வைக்கலாமா?

அவனுக்குக் காட்டுவதற்காகப் படிக்காதீர்கள். பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். நீங்கள் உண்மையிலேயே மூழ்கியிருந்தால், அவன் கூப்பிட்டும் காதில் விழாமல் இருந்தால், “அப்படி என்னதான் இருக்கு அதுல?” என்று வருவான். உங்களுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள் என்று இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பரிசு வேண்டாம். 1973இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூவர், படம் வரையப் பிடித்த மழலைப் பள்ளிப் பிள்ளைகளிடம் ஒரு சோதனை செய்தார்கள். வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்த பிள்ளைகள், பின்னால் சும்மா இருந்த நேரத்தில், மற்றவர்களைவிடப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். ஏற்கெனவே பிடித்திருந்த ஒன்று கூலி வேலையாக மாறிவிட்டது.

நான் தலைமை ஆசிரியர். எல்லா ஆசிரியர்களுக்கும் ஒரே நல்ல புத்தகம் கொடுத்து, லீவு முடிஞ்சு வரும்போது ரெண்டு பக்கம் எழுதிட்டு வரச் சொல்லலாம்னு இருக்கேன்.

உங்கள் நல்லெண்ணம் புரிகிறது சார். ஆனால் அந்த 2 பக்கம் வேண்டாம். மேலே சொன்ன சான்றிதழ் கதைதான் இங்கேயும் நடக்கும். எழுத வேண்டும் என்று தெரிந்த நிமிடமே அவர்கள் கையில் பென்சில் வந்துவிடும். கோடு போட்டுப் படிப்பார்கள். கோடை வாசிப்பு மறுபடியும் பாடக்குறிப்பாகிவிடும்.

அந்தப் பணத்தில் 20 வெவ்வேறு புத்தகங்கள் வாங்கி ஆசிரியர் அறை மேஜையில் பரப்பிவிடுங்கள். சமையல், கிரிக்கெட், பயணம், பேய், காதல், வாழ்க்கை வரலாறு, கேலிச்சித்திரம் எல்லாம் இருக்கட்டும். யார் எதை எடுத்தார் என்று பதிவு வேண்டாம். நீங்களும் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறந்ததும் தேநீர் இடைவேளையில், உங்களுக்குப் பிடிக்காமல் போனதைப் பற்றி முதலில் நீங்கள் பேசுங்கள். மற்றவர்கள் தைரியமாகப் பேசுவார்கள்.

வீட்டுல ஒரு இழப்பு. எல்லாரும் மனசு லேசாகிற மாதிரி ஏதாவது படின்னு சொல்றாங்க. சிரிப்புக் கதையைத் தொடவே முடியலை.

தொட வேண்டாம். துக்கத்தில் இருக்கிறவருக்குச் சிரிப்புக் கதை எரிச்சலாக இருக்கும், அது இயல்பு. சிலருக்கு இழப்பைப் பற்றியே எழுதிய புத்தகம் துணையாக இருக்கிறது. சிலருக்கு மனிதர்களே இல்லாத புத்தகம் வேண்டியிருக்கிறது. பறவைகள், மரங்கள், நட்சத்திரங்கள், ஒரு மலையின் வரலாறு. கணவரை இழந்த ஒரு டீச்சர் அந்தக் கோடை முழுக்கப் பறவைகள் பற்றிய படப் புத்தகம் ஒன்றை மட்டும் வைத்திருந்தார். படித்தாரா என்று நான் கேட்கவில்லை. திருப்பித் தந்தபோது மீன்கொத்தி இருந்த பக்கம் மட்டும் கொஞ்சம் நெகிழ்ந்து, தானாகத் திறந்துகொண்டது.

ஒரு வரிகூட ஓடவில்லை என்றால் இரண்டாவது கேள்வியில் சொன்ன முதல் உரிமை உங்களுக்கும் உண்டு. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக்காட்ட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர்களுக்கும் வாசித்துக்காட்டலாம்.

லீவு முடிஞ்சுபோச்சு. 300 பக்கத்துல 180லதான் இருக்கேன். இனி எங்க முடிக்கப்போறேன்?

மீதி 120 பக்கம். ஆறாவது கேள்வியில் போட்ட கணக்குப்படி தினம் 20 நிமிடம் என்றால் 9, 10 நாள். பள்ளி நாளில் 20 நிமிடம் கிடைக்காது, 7 நிமிடம் கிடைக்கும். தூங்கப் போகும் முன் 4, 5 பக்கம் படித்தால் ஒரு மாதத்துக்குள் முடிந்துவிடும். புத்தகத்தைப் பள்ளிப் பையில் வைக்காதீர்கள். விடைத்தாள் கட்டுக்கு அடியில் போய்விடும். தலையணைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நூலகப் புத்தகம் என்றால் தேதியை நீட்டித்துத் தருகிறேன், வந்து சொல்லுங்கள்.